1928-ஆம் ஆண்டு ஜாஸ் தட்டு ஒரு கட்டையில் ஒலிக்கிறது: குறை தட்டிலா, கருவியிலா?

கேள்வி:
வணக்கம். லூயி ஆம்ஸ்ட்ராங் தம் ஹாட் ஃபைவ் குழுவினருடன் 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ இசையின் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டு அண்மையில் எனக்குக் கிடைத்தது. கீறல்கள் அதிகமில்லை. ஆயினும் என் லென்கோ எல்75 இசைத்தட்டுக் கருவியில், பிற்கால எல்பி (நெடுநேர) தட்டுகளுக்குப் பயன்படுத்தும் அதே ஊசியைக் கொண்டு கேட்டபோது, எண்ணெயில் வடை பொரிவதைப் போன்ற இரைச்சலே மேலோங்கி நிற்கிறது. தொடக்கத்தில் தனித்து முழங்க வேண்டிய டிரம்பெட் போர்வைக்குள்ளிருந்து வருவதைப் போல மங்கியிருக்கிறது. இவற்றைவிடக் குழப்பமானது சுருதி. இரண்டரைக் கட்டையில் அமைந்த இந்த இசை, கீபோர்டில் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு கட்டையில் ஒலிக்கிறது. சுழலும் வேகத்தை விளக்கொளியில் சரிபார்க்க உதவும் ஸ்ட்ரோபோஸ்கோப் அட்டையில் 78-க்குரிய கோடுகள் அசையாமல் நின்றதைப் பார்த்த பிறகே தட்டை வைத்தேன் என்பதால், வேகத்தில் தவறிருக்க வழியில்லை. தட்டே பழுதுபட்டதா?

மறுமொழி 1:
அக்காலத் தட்டுகளை எஃகு ஊசியும் கனமான ஒலிப்பெட்டியும் கொண்ட கிராமஃபோன்களில் தேய்த்திருப்பார்கள். எனவே தேய்மானம் இருக்கலாம். முடிவு செய்யுமுன் கழுவிப் பாருங்கள். எல்பி தட்டுகளுக்கு விற்கும் ஆல்கஹால் கலந்த திரவம் மட்டும் கூடவே கூடாது. மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுபவர் அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு துளி மென்மையான சோப்பு போதும். நடுவிலுள்ள காகிதம் நனையக் கூடாது.

மறுமொழி 2:
தேய்மானம் இரைச்சலைத் தரும், சுருதியை இறக்காது. இரண்டரையிலிருந்து ஒன்றுக்கு என்றால் மூன்று அரைச்சுரங்கள் இறங்கியிருக்கின்றன. ஐயா, அந்த அட்டை எங்கே வாங்கியது, 78-க்குரிய வளையத்தில் எத்தனை கோடுகள், எந்த விளக்கில் பார்த்தீர்கள், இசை எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று தெரிவிக்க இயலுமா?

கேள்வி கேட்டவர்:
அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த அட்டை அது. 92 கோடுகள். பழைய சோக் வைத்த டியூப்லைட்டின் கீழ் பார்த்தேன். ஏறத்தாழ 4 நிமிடம் ஓடுகிறது.

மறுமொழி 2:
அப்படியெனில் குறை அட்டையில்தான். 92 கோடுகள் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு உரியவை. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட் நிமிடத்துக்கு 6000 முறை மின்னுவதால், அந்தக் கோடுகள் 65.2 சுற்றிலேயே அசையாமல் நிற்பதாகத் தோன்றும். வேகத்தை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய லென்கோவாக இருந்ததால்தான் இந்தத் தவறுக்கே இடம் கிடைத்தது. 77 கோடுகள் கொண்ட வளையத்தைப் பயன்படுத்துங்கள், வேகம் 77.92-க்கு வரும், இசையும் ஏறத்தாழ மூன்றேகால் நிமிடத்தில் முடியும்.

இரைச்சலுக்குக் காரணம் ஊசி. எல்பி ஊசியின் நுனி ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரான். 78 தட்டின் வரிகளோ ஏறத்தாழ 75 மைக்ரான் ஊசிக்காக வெட்டப்பட்டவை. ஆகவே உங்கள் ஊசி வரியின் சுவர்களில் ஊன்றாமல், அழுக்கு படிந்த அடிப்பகுதியில் உருள்கிறது. 78-க்கான ஊசியை மாற்றிய பிறகு, ஊசியைத் தாங்கும் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜின் இரு பக்கங்களையும் மோனோவாக இணையுங்கள்; இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே பதிந்திருப்பதால், மேலும் கீழுமான அசைவில் வரும் இரைச்சல் பெரும்பாலும் நீங்கிவிடும்.

மங்கலுக்குக் காரணம், கார்ட்ரிட்ஜின் சமிக்ஞையைப் பெருக்கும் ப்ரீஆம்ப். 1954-இல் வந்த ஆர்ஐஏஏ என்னும் ஒலிச்சமன் முறைப்படி, பதிவில் உயர்த்திய கீச்சொலியை அது 10,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 14 டெசிபெல் குறைக்கிறது. 1928-இன் தட்டில் அப்படி உயர்த்தி வைக்கப்படாததால், இருக்கிற கொஞ்சமும் வெட்டுப்படுகிறது. ட்ரெபிளைத் தயங்காமல் கூட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 77 கோடுகளில் நிறுத்தியதும் சரியாக இரண்டரைக் கட்டைக்கு வந்துவிட்டது. குழுவில் வாசித்த ஏர்ல் ஹைன்ஸின் பியானோவும் சோம்பல் நீங்கி நடக்கிறது. ஊசிக்குச் சொல்லியிருக்கிறேன். முன்பே இதே அட்டையை நம்பிக் கணினியில் சேமித்த பதினான்கு தட்டுகளை என்ன செய்வது?

மறுமொழி 2:
மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே ஏறத்தாழ 1.2 மடங்கு உயர்த்தலாம். ஆனால் அவையும் எல்பி ஊசியில் எடுத்தவை என்பதால், புது ஊசி வந்ததும் மறுபடி பதிவு செய்வதே நல்லது.