பிளெக்ஸ் பிளேட்டில் விரிசல்: அடுத்து எதைப் போடுவது?

கேள்வி (பழைய இரும்பு):
நண்பர்களே, வணக்கம். என் ஹாட் ராடில் இருப்பது 383 இன்ஜின். செவ்ரொலே 350 பிளாக்கில் 400 இன்ஜினின் கிராங்க்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை)ப் போட்டுக் கட்டியது. சுமார் 550 குதிரைத்திறன் வரும், நிமிடத்துக்கு 6,500 சுற்று வரை ஏற்றுவேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்.

சில வாரங்களாக ஐடிலில் டொக் டொக் என்று ஒரு சத்தம். ராடு பேரிங் போய்விட்டது என்று பயந்து ஆயில் பேனைக் கழற்றினேன். பேரிங் எல்லாம் நன்றாகவே இருந்தன. அப்புறம் கியர்பாக்ஸின் முன்பக்கக் கூடான பெல்ஹவுசிங்கின் கீழ் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், கிராங்க்கையும் கியர்பாக்ஸின் கன்வெர்ட்டரையும் இணைக்கும் வட்டத் தகடான பிளெக்ஸ் பிளேட்டில் கிராங்க் போல்ட்டுகளைச் சுற்றி மூன்று இடத்தில் விரிசல். வெல்டிங் வைத்து ஓட்டலாமா? புதிதுதான் என்றால் சாதாரணத் தகடு போதுமா, இல்லை, கிடைப்பதிலேயே தடிமனானதைப் போடலாமா?

பதில் (நான்காவது கியர்):
முதல் வேலையாக, வண்டியை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். நகர்த்த வேண்டுமென்றால் தள்ளுங்கள்.

விளிம்பில் ஸ்டார்ட்டருக்கான 168 பல் உள்ள தகட்டின் விட்டம் ஏறக்குறைய 14 அங்குலம். 6,500 சுற்றில் அதன் விளிம்பு மணிக்கு சுமார் 440 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அது உடைந்தால் பெல்ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு வரும். அதற்குப் பக்கத்தில்தான் உங்கள் பாதம் இருக்கிறது. வெல்டிங் வேண்டவே வேண்டாம். வைத்த இடம் இறுகிவிடும், சூட்டில் தகடு கோணும், விரிசல் அதன் ஓரத்திலேயே மறுபடி கிளம்பும்.

பதில் (கன்வெர்ட்டர்):
தம்பி, இந்தச் சத்தத்தைக் கேட்டு இன்ஜினையே பிரித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கீழ் மூடியைத் திறந்து பார்த்தது நல்லதாயிற்று.

550 குதிரைத்திறனுக்குச் சாதாரணத் தகடு வேண்டாம். பந்தயப் பாகங்களுக்குத் தரம் வகுக்கும் எஸ்.எஃப்.ஐ. அமைப்பின் 29.1 முத்திரை உள்ளதாக வாங்குங்கள். அந்தத் தரம் ஆட்டோமேட்டிக் வண்டிகளின் பிளெக்ஸ் பிளேட்டுக்கென்றே உள்ளது. டிராக் பந்தயத்தை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ., கால் மைலை 9.99 நொடியிலோ அதற்குக் குறைவாகவோ ஓடும் வண்டிக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதோடு 30.1 தரத்தில் ஒரு பாதுகாப்புக் கவசமும் வேண்டும் என்கிறது. நீங்கள் பந்தயத்துக்குப் போகாவிட்டாலும் அந்தக் கவசத்தைப் போட்டுவிடுங்கள்.

தடிமன் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கன்வெர்ட்டர், உள்ளே ஏறும் அழுத்தத்தில் கொஞ்சம் உப்பும். அந்த அசைவைத் தகடு வளைந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வளையவே வளையாத தகட்டைப் போட்டால் அந்தத் தள்ளு நேராகக் கிராங்க்கின் முன்பின் நகர்வைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்குக்குப் போகும்.

இனி பேலன்ஸ். 1986-க்கு முந்தைய 350 இன்ஜின் உள்ளேயே, கிராங்க்கின் சொந்த எடையாலேயே பேலன்ஸ் ஆனது. 400 அப்படியில்லை, கிராங்க்கின் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் டேம்பரிலும் பின்பக்கத் தகட்டிலும் எடை ஒட்டியிருக்கும். 383-ஐ இரண்டு விதமாகவும் கட்டுவார்கள். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் தகடு வாங்காதீர்கள். மாற்றிப் போட்டால் இன்ஜின் முழுக்க அதிரும், மெயின் பேரிங் தாங்காது. கழற்றிய தகட்டைப் பார்த்தும் முடிவெடுக்காதீர்கள், முன்பு போட்டவரே தவறாகப் போட்டிருக்கலாம். டேம்பரைப் பாருங்கள், இன்ஜின் கட்டியவரிடம் பேலன்ஸ் விவரத்தைக் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் வாங்கலாம்.

பிளாக் எந்த வருடத்தது? 1986-இல் கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் ஒரே துண்டாக மாறியபோது கிராங்க்கின் போல்ட் வட்டம் 3.58 அங்குலத்திலிருந்து 3 அங்குலமாகச் சுருங்கிவிட்டது. பல் எண்ணிக்கையையும் எண்ணிவிடுங்கள். 153, 168 என இரண்டு அளவு உண்டு, ஸ்டார்ட்டரின் மூக்கு அதற்குத் தக்கபடி மாறும்.

பதில் (நான்காவது கியர்):
ஒன்று கேட்க மறந்துவிட்டேன். விரிசல் ஏன் வந்தது என்று பார்த்தீர்களா? கிராங்க் போல்ட்டைச் சுற்றி விரிகிறது என்றால், கியர்பாக்ஸ் இன்ஜினோடு நேர்க்கோட்டில் இல்லை என்பதுதான் முதல் சந்தேகம். ஒவ்வொரு சுற்றிலும் தகடு இப்படியும் அப்படியும் மடங்கி மடங்கிக் கடைசியில் கிழிந்துவிடும். பிளாக்கின் பின்முகத்தில், கியர்பாக்ஸை நேராக உட்கார வைக்கும் இரண்டு டவல் பின் இருக்க வேண்டும், இருக்கிறதா?

பழைய இரும்பு:
அண்ணா, கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தேன். வலது பக்க டவல் பின் இல்லவே இல்லை! போன வருடம் ஒரு கடையில் கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டினார்கள், அப்போது விட்டுப்போயிருக்க வேண்டும். வெறும் போல்ட்டை நம்பி இத்தனை நாள் 6,500 வரை ஏற்றியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பிளாக் 1986-க்கு முந்தையது, 168 பல். டேம்பரில் ஒரு பக்கம் எடை இருக்கிறது. இன்ஜின் கட்டியவரும் இது 400 மாதிரி வெளி பேலன்ஸ்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அதற்கேற்ற எடையுள்ள 29.1 தகடு, கவசம், புது டவல் பின், புது போல்ட்டுகள் எல்லாம் சொல்லியாயிற்று.

பதில் (கன்வெர்ட்டர்):
நல்லது. மாட்டும்போது இதைப் பாருங்கள் தம்பி. கன்வெர்ட்டரைக் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப்புக்குள் முழுக்கத் தள்ளிவிட்டு, பெல்ஹவுசிங்கைப் பிளாக்கோடு இறுக்குங்கள். அப்போது கன்வெர்ட்டர் கையால் சுலபமாகச் சுற்ற வேண்டும். அதற்கும் தகட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் போல்ட்டால் இழுத்து மூடாதீர்கள். கன்வெர்ட்டர் பம்ப்பில் சரியாக உட்காரவில்லை என்று பொருள், பம்ப் உடைந்துவிடும். கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரே தடிமனில் வாஷர் வைத்துச் சரி செய்யலாம்.

பழைய இரும்பு:
மாட்டியாயிற்று. இடைவெளி 4 மில்லிமீட்டர் வந்தது. டவல் பின் இரண்டும் இருப்பதால், போல்ட்டை இறுக்கும் முன்பே பெல்ஹவுசிங் கையால் தள்ளியதும் பிளாக்கோடு ஒட்டி உட்கார்ந்தது. ஐடிலில் டொக் டொக் சத்தம் அறவே இல்லை. 4,000 சுற்று வரை மெதுவாக ஏற்றிப் பார்த்தேன், அதிர்வும் இல்லை. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கீழ் மூடியைத் திறந்து போல்ட்டுகளையும் தகட்டையும் மறுபடி பார்த்துவிட்டுத்தான் 6,500-க்குப் போவேன்.