மிசௌரி ஆற்று நீராவிப் படகு பாஸ், 1879: ஒரிஜினலா என்று எப்படிப் பார்ப்பது?

மணல்திட்டு:
போன சனிக்கிழமை மின்னசோட்டாவில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில், பொத்தான் டப்பாவுக்கு அடியில் இந்த அட்டை கிடைத்தது. மிசௌரி ரிவர் டிரான்ஸ்போர்ட்டேஷன் கம்பெனி, யாங்க்டன், டகோட்டா டெரிட்டரி, 1879 என்று அச்சாகியிருக்கிறது, ஆள் பெயரும் எண்ணும் மட்டும் பேனா மையில். இரண்டு மாதம் முன்னால் 40 டாலர் கொடுத்து வாங்கிய ரயில் பாஸ் வெறும் நகல் என்று தெரிந்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான். அப்புறம், படகுக்காரர்கள் ஏன் இலவசமாகப் பாஸ் கொடுத்தார்கள்?

துடுப்பு:
நல்ல பொருள் கிடைத்திருக்கிறது! இந்தப் படகுக் கம்பெனியைத்தான் கூல்சன் லைன் என்பார்கள். அவர்களுக்குப் பெரிய வருமானம் சரக்கில், அதிலும் ராணுவக் கோட்டைகளுக்குப் போகிற சரக்கில். 1873-ல் ரயில் யாங்க்டனுக்கு வந்துவிட்டது, அங்கே ரயிலிலிருந்து இறக்கும் மூட்டைதான் படகில் ஏறி மேலே மொன்டானாவின் ஃபோர்ட் பென்டன் வரை போகும், அதனால் ரயில் அதிகாரிக்குப் படகு பாஸ், படகு அதிகாரிக்கு ரயில் பாஸ் என்று மாற்றிக்கொள்வது வழக்கம், பத்திரிகை ஆசிரியர்களுக்கும் உண்டு. 1876-ல் பூர்வகுடிகளோடு நடந்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் காயம்பட்ட அமெரிக்க ராணுவ வீரர்களை ஏற்றிக்கொண்டு 54 மணி நேரத்தில் சுமார் 710 மைல் ஓடி பிஸ்மார்க் வந்த ஃபார் வெஸ்ட் இந்த லைன் படகுதான். அதை ஓட்டிய கேப்டன் கிராண்ட் மார்ஷ் பெயரைக் கேட்டாலே எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

பழஞ்சீட்டு:
பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நகலில் கையெழுத்தும் சேர்ந்தே அச்சாகியிருக்கும், லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரியும். நிஜப் பேனா மை காகித இழைக்குள் இறங்கியிருக்கும், பெரும்பாலும் பழுப்பாகியும் இருக்கும். இருட்டில் புற ஊதா விளக்கு அடித்துப் பாருங்கள், பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காகிதம் என்றே வைத்துக்கொள்ளலாம். டகோட்டா டெரிட்டரி என்பது மாநிலங்களாகும் முன்னால் இருந்த ஆட்சிப்பகுதி, அது 1889 வரைதான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், நகல் எடுப்பவன் அதையும் சேர்த்துத்தான் எடுப்பான். தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள், பாலியெஸ்டர் உறை போதும், பிவிசி உறை வேண்டாம்.

மணல்திட்டு:
பார்த்துவிட்டேன். கையெழுத்தில் புள்ளியே இல்லை, ஓரங்களில் மை பழுப்பாகக் கசிந்திருக்கிறது, விளக்கிலும் மங்கலாகத்தான் இருக்கிறது!

துடுப்பு:
அப்படியென்றால் இனி அந்தப் பெயரைத் தேடுங்கள். இந்த அட்டைகளில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான், கம்பெனி பெயர் எல்லாச் சீட்டிலும் இருக்கும், ஆள் பெயர் இதில் மட்டும்தான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, 1879-ஐ ஒட்டிய டகோட்டா இதழ்களில் ஆரம்பியுங்கள். பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள், ஸ்கேன் தேடல் நிறைய தவறவிடும்.

மணல்திட்டு:
சரி, கடைசிப் பெயர் தெளிவாக இருக்கிறது, முதலெழுத்து ஜே-யா டி-யா என்றுதான் குழப்பம். இன்று ராத்திரி இரண்டையும் போட்டுத் தேடுகிறேன்.