நானோ மல்டிலேயர் கோட்டிங் போட்ட பஞ்ச் முனையில் உரிகிறது. பழைய கோட்டிங் நன்றாக நின்றதே, ஏன்?

கணபதி பிரஸ்ஷாப்:
வணக்கம். கோவை கணபதியில் பம்ப் மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடிக்கிறோம். தகடு 0.5 மி.மீ. சிலிக்கான் ஸ்டீல். பஞ்ச் (தகட்டை அழுத்தி வெட்டும் கருவி) டி2 எனும் டூல் ஸ்டீல், டிராயிங்படி ஹார்ட்னஸ் ராக்வெல் சி அளவில் 60–62. இதுவரை ஒற்றை அடுக்கு குரோமியம் நைட்ரைடு போட்டு ஓட்டினோம், குறை இல்லை. சிலிக்கான் தகடு முனையைச் சீக்கிரம் தேய்க்கிறதே என்று இந்த முறை கூடுதல் காசு கொடுத்து, டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடும் குரோமியம் நைட்ரைடும் மாறி மாறி வரும் நானோ மல்டிலேயர் போட்டோம். மொத்தத் தடிமன் 3 மைக்ரான் என்று ரிப்போர்ட்.

ஒரு ஷிஃப்ட் முடிவதற்குள் ஸ்லாட் பஞ்ச் உரிய ஆரம்பித்து, தகட்டில் பிசிறு ஏறிவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெட்டு முனையை ஒட்டி அரை மி.மீ. அகலத்துக்குச் செதில் செதிலாகப் போயிருக்கிறது. மேலே கோட்டிங் அப்படியே இருக்கிறது. பஞ்சுக்கும் டைக்கும் உள்ள இடைவெளி (கிளியரன்ஸ்) பழையபடி ஒரு பக்கம் 0.025 மி.மீ. பிரஸ், ஆயில் எதுவும் மாறவில்லை. இந்த வேலைக்கு மல்டிலேயர் ஒத்துவராதா? பழையதற்கே போய்விடவா?

வெற்றிட உலை:
அவசரப்பட்டு கோட்டிங்கை மாற்றாதீங்க அண்ணா. முதலில் மூன்று விஷயம் சொல்லுங்க. ஹீட் ட்ரீட்மெண்ட் சீட்டில் டெம்பர் (ஹார்டன் செய்த ஸ்டீல் நொறுங்காமலிருக்க மறுபடி சூடாக்குவது) எத்தனை டிகிரி? கோட்டிங் போட்டவர்கள் எத்தனை டிகிரியில் போட்டார்கள்? அப்புறம், கோட்டிங் போட்ட பஞ்சின் தலையில் ஒரு ராக்வெல் சி (வைர முனையை அழுத்தி, குழியின் ஆழத்தை வைத்து ஹார்ட்னஸ் பார்ப்பது) அடித்துப் பாருங்க. 3 மைக்ரான் கோட்டிங் அந்த அளவைக் கெடுக்காது, குழியே 80 மைக்ரான் இறங்கும். அந்தக் குழியின் ஓரத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, கோட்டிங் எப்படி விரிந்திருக்கிறது என்றும் சொல்லுங்க.

கணபதி பிரஸ்ஷாப்:
பார்த்துவிட்டேன் சார். டெம்பர் 200 டிகிரி. இப்போதைய கோட்டிங் 450 டிகிரியில் போட்டதாம். பழைய குரோமியம் நைட்ரைடு குறைந்த சூட்டு வேலை, 200ஐ ஒட்டித்தான் போட்டிருக்கிறார்கள். பஞ்ச் தலையில் ஹார்ட்னஸ் 57. அதே பேட்சில் கோட்டிங் போடாமல் மிச்சமிருந்த பஞ்சில் 61! குழி ஓரத்தில் மெல்லிய கீறல்கள்தான், எங்கும் உரியவில்லை.

வெற்றிட உலை:
அப்போது விடை கிடைத்துவிட்டது அண்ணா. குழி ஓரத்தில் கீறல் மட்டும் இருந்தால் பிடிப்பு நல்லது என்று அர்த்தம். ஜெர்மன் தரத்தில் இதை எச்.எஃப்.1 முதல் எச்.எஃப்.6 வரை பிரிப்பார்கள். சுற்றிலும் உரிந்து போனால் 6, உங்களுடையது 1 அல்லது 2. உங்களைக் கைவிட்டது அடியில் இருக்கும் ஸ்டீல்.

200 டிகிரியில் டெம்பர் செய்த டி2வை 450 டிகிரி கோட்டிங் கலனில் மணிக்கணக்கில் வைத்தால், அது இன்னொரு டெம்பர்தான். 61 இருந்தது 57க்கு வந்தது அப்படித்தான். வெட்டும் அழுத்தத்தில் முனை மைக்ரான் கணக்கில் அமுங்கும். நைட்ரைடு அமுங்காது, உடையும். ஈரமண் மேல் பாவிய ஓடு மிதித்ததும் உடைகிற கதை.

மல்டிலேயரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு ஜோடி அடுக்கு 6 நானோமீட்டர் என்று வைத்தால், 3 மைக்ரானுக்குள் 500 ஜோடி வரும். பஞ்ச் கலனுக்குள் சுழன்று ஒவ்வொரு டார்கெட்டையும் (கோட்டிங்குக்கான உலோகத்தை ஆவியாகத் தரும் கட்டி) கடக்கும்போது ஒரு அடுக்கு ஏறும், அதனால் சுழலும் வேகம்தான் அடுக்கின் தடிமனைத் தீர்மானிக்கிறது. உலோகம் வளைந்து கொடுப்பது அணு வரிசையில் இருக்கும் பிசகுகள் நகர்வதால். மல்டிலேயரில் அவை அடுக்குகளின் ஒவ்வொரு எல்லையிலும் மாட்டிக்கொள்ளும், அதனால் கடினம் ஏறும். விரிசலும் நேரே கீழே போக முடியாமல் எல்லையோரமாகத் திரும்பும். 1987இல் ஹெல்மர்சன் குழு டைட்டானியம் நைட்ரைடையும் வனேடியம் நைட்ரைடையும் 5.2 நானோமீட்டர் ஜோடிகளாக அடுக்கி 56 கிகாபாஸ்கல் வரை கடினம் பார்த்தார்கள். வெறும் டைட்டானியம் நைட்ரைடு 20ஐ ஒட்டித்தான் நிற்கும். அது ஒற்றைப் படிக ஆய்வகச் சாம்பிள், கடைக் கோட்டிங்கில் அந்த எண்ணை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தத்துவம் அதேதான்.

அடுத்த செட்டுக்கு ஹீட் ட்ரீட்மெண்ட்காரரிடம் "ஹார்ட்னஸ் 60" என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீங்க. "520 டிகிரி டெம்பர், குறைந்தது இரண்டு முறை, அதற்கேற்ற உயர்ந்த ஹார்டனிங் சூடு" என்று எழுதுங்க. ஹார்டனிங் 1040–1070இல் செய்தால் 520இல் டெம்பர் செய்தும் 60 கிடைக்கும். அதன் பிறகு 450 கோட்டிங் அதை அசைக்காது. இறுதி கிரைண்டிங் டெம்பருக்குப் பிறகுதான்.

டை மேக்கர்:
தம்பி, சார் சொன்னது சரி. ஒன்று விட்டுப்போச்சு. நீங்க அடித்த குழி பஞ்ச் தலையில், அது கிரைண்டிங் முகம். உரிந்தது ஸ்லாட் பக்கவாட்டில், அது ஒயர் கட் (கம்பியில் மின்பொறி விட்டு வெட்டுவது) முகம்தானே? ஒரே கட்டில் எடுத்திருந்தால் மேலே உருகி உறைந்த வெள்ளை அடுக்கு ஒட்டியிருக்கும். நொறுங்கும் தோல் அது. அதன் மேல் எந்தக் கோட்டிங் போட்டாலும் தோலோடு சேர்ந்து வரும். ஹார்ட்னஸைச் சரிசெய்த பிறகும் இது மிச்சம் இருக்கும். இரண்டு மூன்று ஸ்கிம் கட் (மேலே மெல்லியதாகச் சீவும் கட்) கொடுத்து, டைமண்ட் பேஸ்ட் போட்டு, வெட்டும் திசையிலேயே பாலிஷ் செய்து கொடுங்க. முனையில் பிசிறு இருந்தால் கல்லால் லேசாக ஹோன் பண்ணிடுங்க. பிசிறு மேல் ஏறின கோட்டிங் முதல் அடியிலேயே போகும்.

கணபதி பிரஸ்ஷாப்:
ஒயர் கட் ஒரே கட்தான் அண்ணா, கேட்டுப் பார்த்தேன். அடுத்த செட் 520 டெம்பர், ஸ்கிம் கட், பாலிஷ் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கோட்டிங் போட்டு ஹார்ட்னஸ் 57க்கு இறங்கிய இந்தப் பஞ்சுகளை என்ன செய்வது? மறுபடி ஹார்டன் செய்யலாமா?

வெற்றிட உலை:
முடித்த பஞ்சை மறுபடி ஹார்டன் செய்தால் அளவு போய்விடும், ஸ்லாட் டையில் இறங்காது. உரிந்த முனையை கிரைண்ட் பண்ணி, மென்மையான சி.ஆர். (கோல்ட் ரோல்டு) தகடு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்க. கிரைண்ட் செய்தாலும் பக்கவாட்டில் கோட்டிங் மிச்சமிருக்கும், அந்த வேலைக்கு அது போதும்.