மறு: நான்-இன்வேசிவ் வென்டிலேஷன் – ‘முகவழி மூச்சுதவி’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

உடலுக்குள் குழாய் செருகாமல் மூச்சுக்கு உதவும் சிகிச்சையான ‘நான்-இன்வேசிவ் வென்டிலேஷன்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற நம் குழுவின் உரையாடலில், ‘ஊடுருவாச் செயற்கைச் சுவாசம்’ என்ற சொல்லைப் பலரும் ஏற்றிருக்கிறீர்கள். எனக்கு அதில் இரண்டு தடைகள் உண்டு.

முதலாவது, ‘செயற்கை’. கடுமையான கொரோனாவிலோ இன்ஃப்ளுயன்சாவிலோ நுரையீரல் பழுதான ஒருவருக்குச் சிபேப் (CPAP) என்ற கருவியின் முகமூடியை மாட்டும்போது, மூச்சை இழுப்பதும் விடுவதும் அவரேதான். கருவி ஒரே அளவான அழுத்தத்தை விடாமல் தருகிறது, பெரும்பாலும் 5 முதல் 10 சென்டிமீட்டர் நீரளவு (இது அழுத்தத்தை அளக்கும் அலகு). அதனால் நீர் கோத்த காற்றறைகள் மூச்சை விடும்போதும் மூடிக்கொள்வதில்லை. ஆக்சிஜன் இரத்தத்தில் சேர இடம் கிடைக்கிறது. பைபேப் (BiPAP) என்ற இன்னொரு வகைக் கருவி, மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தில் அழுத்தத்தைக் கூட்டியும் தருகிறது. இரண்டிலும் நோயாளி விழித்திருக்கிறார், பேச முடிகிறது. இதற்குச் ‘செயற்கைச் சுவாசம்’ என்று ஒப்புதல் படிவத்தில் அச்சிட்டால், வாசலில் காத்திருக்கும் வீட்டார் ‘வென்டிலேட்டர்ல போட்டுட்டாங்க’ என்றுதான் புரிந்துகொள்வார்கள். அந்தப் பதற்றத்தை ஒரு சொல்லால் நாமே உண்டாக்க வேண்டாம்.

இரண்டாவது, ‘ஊடுருவா’. எது நடக்கவில்லை என்று மட்டும் சொல்கிற சொல் இது. 1928இல் பாஸ்டனில் போலியோ பாதித்த குழந்தைக்குப் பயன்பட்ட ‘இரும்பு நுரையீரல்’ என்ற பெட்டி போன்ற கருவியும் உடலுக்குள் எதையும் செருகவில்லை. ஆனால் அது உடலைச் சுற்றியுள்ள அழுத்தத்தைக் குறைத்து மார்பை விரிய வைத்தது. இன்றைய முகமூடி காற்றை உள்ளே தள்ளுகிறது. நேரெதிரான இரண்டும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன.

என் பரிந்துரை: முகவழி மூச்சுதவி. தொண்டைக்குள் குழாய் விட்டுத் தருவது குழல்வழி மூச்சுதவி. ‘வாய்வழி மருந்து’ ஏற்கெனவே பழகிய அமைப்பு என்பதால் யாரும் தடுமாற மாட்டார்கள். சிபேப்பைத் ‘தொடரழுத்த மூச்சுதவி’ என்றும் பைபேப்பை ‘ஈரழுத்த மூச்சுதவி’ என்றும் பிரிக்கலாம். ‘வென்டிலேஷன்’ என்பதற்குக் கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது சொல்லும் ‘காற்றோட்டம்’ இங்கே வேண்டாம்.

மூக்கில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை சூடும் ஈரமும் சேர்த்துச் செலுத்தும் மிகுபாய்வு ஆக்சிஜனையும் இதே பெயரில் சேர்க்கலாமே என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதில் கிடைக்கும் அழுத்தம் குறைவு, நிலையானதும் அல்ல. பலனும் வேறுபடலாம். கொரோனா நோயாளிகள் 1,273 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான ரெக்கவரி-ஆர்எஸ் ஆய்வில், 30 நாட்களுக்குள் குழாய் செருகப்பட்டவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து, சிபேப் பெற்றவர்களில் 36.3 விழுக்காடு, வழக்கமான ஆக்சிஜன் பெற்றவர்களில் 44.4. மிகுபாய்வு ஆக்சிஜனுக்கு அப்படியொரு தெளிவான பலன் தெரியவில்லை. ஆகவே அது ‘மிகுபாய்வு மூக்குவழி ஆக்சிஜன்’ என்று தனியாகவே நிற்கட்டும். ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் மொழிபெயர்க்கப்பட்ட சிகிச்சைக் குறிப்பே தவறாகிவிடும்.

இந்தச் சொல்லுக்கான விளக்கக் குறிப்பில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். முகவழி மூச்சுதவி பலன் தராதபோது குழல்வழிக்கு மாறுவதைத் தள்ளிப்போடுவது ஆபத்து. ‘எளிய சிகிச்சை’, ‘பாதுகாப்பான சிகிச்சை’ போன்ற அடைமொழிகளைச் சேர்க்க வேண்டாம். மருத்துவர் குழாய் வேண்டும் என்று சொல்லும் நேரத்தில் அவை வீட்டாரைத் தயங்க வைக்கும்.

இத்தாலியில் கொரோனாக் காலத்தில் முகமூடிக்குப் பதிலாகப் பரவலாகப் பயன்பட்ட ஹெல்மெட்டுக்கும் சொல் வேண்டும். கழுத்தோடு இறுகி, தலை முழுவதையும் மூடும் ஒளி ஊடுருவும் கூடு அது. ‘தலைக்கவசம்’ என்றால் பைக் நினைவுதான் வரும். ‘தலைக்கூடு’ எனலாமா? தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர்கள் குழுவில் இருந்தால், வார்டில் இதை என்ன சொல்லி அழைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அதையே முதலில் பரிசீலிப்போம்.