சைனீஸ் பார்சல் மொத்தமும் சொதப்பல்: கடையில் என்னவென்று சொல்வது?

பசித்தபறவை:
பக்கத்தில் உள்ள சைனீஸ் உணவகத்தில் நாங்கள் வழக்கமாகப் பார்சல் வாங்குவோம், இதுவரை குறை என்று சொல்ல எதுவும் இருந்ததில்லை. நேற்று இரவு தோழி வந்திருந்தாள் என்று கொஞ்சம் தாராளமாகவே வாங்கினோம். முட்டை ஃபிரைட் ரைஸ், ஸ்வீட் அண்ட் சவர் சிக்கன், ஹாட் அண்ட் சவர் சூப், அவளுக்குக் காய்கறி நூடுல்ஸ். டப்பாவைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. சிக்கனைத் தொட்டதும் மேல்மாவு தனியாகக் கழன்று வந்துவிட்டது. சாதம் கட்டி கட்டியாக, அடியில் எண்ணெய் தேங்கி, லேசாகச் சிக்கு வாடை வேறு. சூப்பில் காரமும் இல்லை, புளிப்பும் இல்லை, வெறும் கொழகொழப்பு. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தோழி சுத்த சைவம், அவள் நூடுல்ஸில் பாதியைச் சாப்பிட்ட பிறகு அடியில் ஒரு இறால் துண்டு கிடந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, தட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவே இல்லை.

போன் செய்து சொல்லலாமா, சொன்னால் எதைச் சொல்வது, இல்லை பேசாமல் கடையை மாற்றிவிடுவதா? மீந்த சாதம் ராத்திரி முழுக்க மேசையிலேயே இருந்தது, சூடாக்கிச் சாப்பிடலாமா என்றும் சொல்லுங்கள்.

அடுப்படி:
ஒரு சைனீஸ் கிச்சனில் ரொம்ப காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆனால் சமையல்காரர் கெடுத்தது எது, வழியில் கெட்டது எது என்று பிரித்துச் சொன்னால்தான் காதில் வாங்குவார்கள். ‘எல்லாமே மோசம்’ என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள்.

சிக்கன் நமத்துப்போனது பெரும்பாலும் டப்பாவால். பொரித்த துண்டு சூட்டோடு சூடாக மூடிய பிளாஸ்டிக்குக்குள் போனால் உள்ளிருக்கும் ஆவி வெளியே போக வழியில்லாமல் மாவிலேயே இறங்கும், மேலே சாஸையும் ஊற்றிவிட்டால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் சைனீஸ் பார்சல் தருகிற மடிப்புக் காகிதப் பெட்டிக்கு 1894-லேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள், அதன் மேல் மடிப்பில் ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். இறுக்கமான பிளாஸ்டிக் மூடியில் அதற்கு வழியே இல்லை.

சாதம் அப்படியில்லை, அது கிச்சனின் தவறு. ஃபிரைட் ரைஸுக்கு வடித்து ஆறவைத்த சாதம் வேண்டும், முந்தைய நாள் ஃபிரிட்ஜில் வைத்தது இன்னும் நல்லது, மேலே ஈரம் உலர்ந்து பருக்கை பருக்கையாக உதிரும். கூட்ட நேரத்தில் அப்போதுதான் வெந்த சாதத்தைப் போடுவார்கள், அதுவும் பல பேருக்கானதை ஒரே வாணலியில். வாணலியின் சூடு இறங்கிவிடும், சாதம் வறுபடாமல் தன் ஈரத்திலேயே வெந்து கட்டி தட்டும். அந்த ‘வோக் ஹேய்’ என்கிற கருகல் மணம் வரவே வராது. சிக்கு வாடை என்றால் எண்ணெய் மாற்றவில்லை, இதைத் தயங்காமல் சொல்லுங்கள். சூப்பில் காரம் வெள்ளை மிளகிலிருந்தும் புளிப்பு வினிகரிலிருந்தும் வரவேண்டும், இரண்டையும் கடைசியில்தான் சேர்ப்போம். அவசரத்தில் கார்ன்ஃபிளார் கரைத்து ஊற்றிய கையோடு டப்பாவில் அடைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நீலத்தாமரை:
டப்பாவின் மேல் பழி போடுவதை நான் ஏற்கமாட்டேன். தினமும் பார்சல் கட்டுகிற கடைக்குத் தெரியாதா, மூடியில் ரெண்டு ஓட்டை போட்டு சாஸைத் தனியாகக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அது இருக்கட்டும், நீங்கள் முதலில் பேசவேண்டியது இறாலைப் பற்றி. சைவக்காரருக்கு அது மனசைப் புண்படுத்துகிற விஷயம், இறால் ஒவ்வாமை உள்ளவர் தட்டில் விழுந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரே வாணலியைச் சரியாகக் கழுவாமல் அடுத்த ஆர்டரைப் போட்டிருக்கிறார்கள். படம் எடுத்திருந்தால் பில்லோடு சேர்த்து அனுப்புங்கள், பணத்தைத் திருப்பிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். இன்னொன்று, காய்கறி நூடுல்ஸ் என்று எழுதியிருந்தாலும் பல கடைகளில் சிப்பி சாஸ் சேர்ப்பார்கள். தோழிக்கு வாங்கும்போது இதையும் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

மூன்றாம்பிறை:
அந்தச் சாதத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள், குப்பையில் போடுங்கள். அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், கொதிக்க வைத்தாலும் அவை சாவதில்லை. சாதம் அறைச் சூட்டில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கிற அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது, அதனால் ‘நல்லா கொதிக்க வச்சுட்டேன்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருந்ததை விட்டுவிட வேண்டும். மீதியை எடுத்துவைப்பதென்றால் ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பிச் சீக்கிரமே ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள்.

பசித்தபறவை:
ரொம்ப நன்றி, சாதத்தைக் கொட்டிவிட்டேன். இறாலைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ராத்திரி முழுக்க ஒரே தாகம், இதெல்லாம் அஜினோமோட்டோ வேலை என்கிறார் வீட்டுக்காரர். அதையும் சேர்த்துச் சொல்லவா?

மூன்றாம்பிறை:
அதைச் சொல்லாதீர்கள், உங்கள் மற்றப் புகாரும் பலவீனமாகிவிடும். ஜப்பானில் இகேடா என்ற வேதியியலாளர் 1908-ல் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த உப்பு அது, தக்காளியிலும் பாலாடைக்கட்டியிலும் உள்ள அதே குளூட்டமேட் என்ற சுவைப்பொருள்தான். 1968-ல் ஒரு மருத்துவ இதழுக்கு வந்த கடிதத்திலிருந்து சைனீஸ் சாப்பாட்டின் மேல் இந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் சாப்பிடவைத்துச் சோதித்தபோது அது உறுதியாக நிரூபணம் ஆகவில்லை. தாகத்துக்குச் சோயா சாஸ் போதும், ஒரு மேசைக்கரண்டியிலேயே சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும்.

அடுப்படி:
போன் செய்வதென்றால் மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு செய்யுங்கள், முதலாளியோ தலைமைச் சமையல்காரரோ நின்று பேச நேரம் இருக்கும். இறால், அப்புறம் எண்ணெய், அப்புறம் சாதம், இந்த வரிசையில் சொல்லுங்கள். வாணலியைக் கழுவாததற்குச் சாக்கு சொன்னால் அந்தக் கடை வேண்டாம். கேட்டுக்கொண்டு பணமோ வேறு சாப்பாடோ தருகிறேன் என்றால் இன்னொரு தடவை வாங்கிப் பாருங்கள், சாஸைத் தனியாகக் கேளுங்கள், வண்டியில் வரும்போதே சிக்கன் டப்பாவின் மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.