டாக்டராக விரும்பும் மகளுக்கு எந்தக் கல்லூரி?

வணக்கம். நியூஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்கு டாக்டராக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. இங்கே 4 வருட இளங்கலை முடித்த பிறகுதான் மெடிக்கல் ஸ்கூல். ரட்கர்ஸ், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டுக்கும் செலவுக் கணக்கு எழுதிய தாள் ஒரு வாரமாக ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

ரட்கர்ஸ் எங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் உள்மாநிலக் கட்டணம் (இந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம்). மிச்சமாகும் பணம் மெடிக்கல் ஸ்கூலுக்கு உதவும். 2026 ஜூலை முதல் அந்தப் படிப்புக்கான அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம்தான். தனியார் பல்கலைக்கழகமான ஹாப்கின்ஸில் ஆராய்ச்சி வாய்ப்பு அதிகம். ஆனால் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சறுக்கினால் மெடிக்கல் ஸ்கூல் சேர்க்கைக்குப் பார்க்கும் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) அடிபடுமே என்று பயமாக இருக்கிறது.

பெரிய கல்லூரியில் மெடிக்கல் ஸ்கூலுக்கான பரிந்துரைக் கடிதம் தரும் அளவுக்குப் பேராசிரியர்களிடம் பழக முடிகிறதா? பிள்ளைகளை இந்த வழியில் அனுப்பியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். மே 1-க்குள் முடிவெடுக்க வேண்டும்.