கலைச்சொல் தேவை: பேஸ் கித்தாரில் டியூனிங்கை மாற்றி வைப்பதற்கு

பேஸ்காரன், ஜார்ஜ்டவுன்

எல்லாருக்கும் வணக்கம். இங்கே பினாங்கில் இளைஞர்களுக்கு ஒரு பேஸ் கித்தார் பட்டறை நடத்துகிறோம். பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள். கையேடு தமிழில்தான் இருக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போகிறது. நான் மூன்றாம் பக்கத்தில் நிற்கிறேன்.

நான்கு கம்பி பேஸில் தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி என்ற மேற்கத்தியச் சுரங்களுக்கு வைப்பது வழக்கம். ஈ கம்பியை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கி டி ஆக்கினால் 'டிராப் டி'. நான்கையும் அரைச் சுரம் இறக்குவது உண்டு. ஐந்து கம்பி செட்டை வாங்கி, மெல்லிய கம்பியை விட்டுவிட்டு பி, ஈ, ஏ, டி என்று போடுவதும் உண்டு. செல்லோவில் இருப்பது போலவே, ஆனால் ஒரு ஸ்தாயி கீழே, சி, ஜி, டி, ஏ என்று வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இத்தனைக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும். இப்போதைக்கு 'மாற்றுச் சுருதி' என்று எழுதியிருக்கிறேன். போதுமா?

தமிழாசிரியை, செந்தூல்

போதாது தம்பி. சுருதி என்றதும் நம் பிள்ளைகளுக்குப் பாட்டின் அடிச் சுரமான ஆதார சட்ஜம்தான் நினைவுக்கு வரும். பாடுகிறவர் 'சுருதியை மாற்று' என்றால் பாட்டு முழுவதும் ஏறும் அல்லது இறங்கும். நீங்கள் சொல்லும் டிராப் டியில் பாட்டு அதே இடத்தில்தான் இருக்கிறது, கம்பி மட்டும் இறங்குகிறது. போதாக்குறைக்கு மத்திம சுருதி என்று ஏற்கெனவே ஒன்று உண்டு. புன்னாகவராளி பாடும்போது தம்பூராவில் பஞ்சமக் கம்பியை மத்திமத்துக்கு மாற்றுவார்களே, அது. குழப்பம் வேண்டாம்.

யாழ்ப்பித்தன், ஈப்போ சாலை, கோலாலம்பூர்

ஆசிரியை தடுத்ததில் மகிழ்ச்சி. தமிழில் சொல் இல்லாதது போல் தம்பி தவிக்கிறார். சிலப்பதிகாரக் கானல்வரியின் தொடக்கத்தில் மாதவி யாழை எடுத்ததும் என்ன செய்கிறாள்? 'பண்ணல் பரிவட்டணை ஆராய்தல் தைவரல்' என்று எட்டுச் செயல் வரிசையாக வருகிறது. அதில் முதலாவதே பண்ணல், நரம்பைப் பண்ணுக்கு ஏற்ப அமைப்பது. ஆகவே 'மாற்றுப் பண்ணல்'. இரண்டாயிரம் ஆண்டாக நமக்காகக் காத்திருக்கும் சொல்.

பட்டர்வொர்த் ஆம்ப் பழுதுபார்ப்பவர்

ஐயா, கோபிக்காதீர்கள். 'நீ என்னப்பா பண்ணற?' என்று கேட்டால் 'மாற்றுப் பண்ணல் பண்ணறேன்' என்று சொல்ல வேண்டியிருக்கும்.

யாழ்ப்பித்தன்

சிரியுங்கள். அன்றாடம் வாயில் வரும் 'பண்ணு' அந்தப் பண்ணிலிருந்துதான் வந்தது என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். பண் அமைத்தவன் பண்ணினான், பிறகு எல்லாவற்றையும் பண்ணினான். மலாய்க்காரர்கள் டியூன் செய்வதை 'தாலா' என்கிறார்கள். அதுவும் நம் தாளமாகத்தான் இருக்க வேண்டும்.

தமிழாசிரியை, செந்தூல்

ஒலி ஒத்திருந்தால் உறவு என்று வைத்தால், ரப்பரான கித்தாவும் கித்தாரும் அண்ணன் தம்பி ஆகிவிடும் ஐயா. எங்கள் தாத்தா தோட்டத்தில் காலையில் கித்தா மரம் வெட்டி, மாலையில் கித்தார் வாசித்தார் என்று அடுத்து எழுதுவீர்கள். கித்தா மலாய் 'கெத்தா'விலிருந்து வந்தது, கித்தார் மேற்கிலிருந்து வந்தது. அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர், பங்சார்

பாலை திரிதல் இருக்கிறதே? சிலம்பின் அரங்கேற்று காதையும் ஆய்ச்சியர் குரவையும் தெரிந்தவர்கள் இங்கே பலர். குரல், துத்தம், இளி எல்லாம் பழந்தமிழ்ச் சுரப் பெயர்கள்; குரல்தான் முதல் சுரம். துத்தம் குரலாகப் படுமலைப்பாலை, இளி குரலாகக் கோடிப்பாலை, இப்படி ஏழு. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகர'த்தில் இதை எவ்வளவு விரிவாக எழுதினார்! விபுலானந்தர் 1947இல் 'யாழ் நூல்' கொண்டுவந்தபோது மறுபடி எடுத்தார். எனவே 'நரம்புத் திரிபு' என்கிறேன்.

தமிழாசிரியை, செந்தூல்

அழகான சொல்தான், ஆனால் பொருள் தலைகீழ். பாலை திரிபில் நரம்பு இருந்த இடத்தில் இருக்கிறது, குரல் எது என்பதுதான் நகர்கிறது. தம்பியின் கதையில் நரம்பே நகர்கிறது. அதோடு திரிபு என்றால் பிள்ளைகள் புணர்ச்சி இலக்கணம் என்று நினைத்து ஓடிவிடுவார்கள். தோன்றல் திரிதல் கெடுதல் படுத்திய பாடு போதாதா?

பட்டர்வொர்த் ஆம்ப் பழுதுபார்ப்பவர்

'நரம்பு' என்று போடுவதே ஆபத்து. கம்பியைத் தளர்த்துவது என்ற பாடத்துக்கு 'நரம்புத் தளர்ச்சி' என்று தலைப்பு வந்தால், சித்த வைத்தியசாலை விளம்பரம் என்று நினைத்துப் பையன்கள் கையேட்டை வாங்கவே கூச்சப்படுவார்கள். கம்பி என்றே போடுங்கள் அண்ணே.

பேஸ்காரன், ஜார்ஜ்டவுன்

கம்பி என்றுதான் போட்டிருக்கிறேன். தளர்ச்சி என்றதால் சொல்கிறேன், அது உண்மையிலேயே ஒரு தொல்லை. வழக்கமான ஈ ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், இறக்கிய டி 36.7. அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் இழுவிசை மாறும். ஆகவே அதே கம்பியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இழுவை போய்விடுகிறது. பலமாக மீட்டினால் தொளதொளவென்று ஆடி, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃபிரெட்டில் இடித்துக் கரகரக்கும். மெதுவாக மீட்டு, இல்லையென்றால் கொஞ்சம் தடித்த கம்பி போடு என்று எழுதியிருக்கிறேன். பி, ஈ, ஏ, டி போடுகிறவர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. தடித்த கம்பி உட்கார, கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் உள்ள பள்ளத்தை அரத்தால் பெரிதாக்க வேண்டும், கழுத்தின் வளைவையும் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று. நேற்று ஒரு பையனிடம் வரைவைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். 'மாற்றுச் சுருதி' என்ற இடத்தில் நிறுத்தி, "அப்போ பாடகர் எந்தக் கட்டையில பாடுவாரு?" என்றான். டீச்சர் சொன்னது அப்படியே பலித்தது.

நாகஸ்வர வீட்டுப்பிள்ளை, தண்ணீர்மலை

அந்தப் பையன் எங்கள் ஆள். கட்டையை ஏன் விடுகிறீர்கள்? ஆர்மோனியத்தில் ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, ஐந்து ஜி, ஆறு ஏ. அப்படியானால் உங்கள் பேஸ் மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து. டிராப் டி என்பது 'மூன்று கட்டைக் கம்பியை இரண்டு கட்டைக்கு இறக்குவது'. கோயிலில் வாசிக்கிற எவனுக்கும் விளக்கமே வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர், பங்சார்

கோயிலில் வாசிக்காதவனுக்கு? மேலும் அது ஒரு வாக்கியம், கலைச்சொல் இல்லை.

யாழ்ப்பித்தன்

இதைக் கேளுங்கள். சிலம்பின் வேனிற்காதையில் 'இணைகிளை பகைநட்பு' என்று வருகிறது. ஒரு நரம்பையே முதலாவதாக வைத்து எண்ணினால் நான்காவது நட்பு, ஐந்தாவது கிளை. பேஸின் வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு கம்பிக்கும் அடுத்தது நான்காவது. அதாவது முழுக்க முழுக்க நட்பு! செல்லோ போல் சி, ஜி, டி, ஏ என்று வைத்தால் முழுக்கக் கிளை. டிராப் டியில் தடித்த இரண்டுக்கும் இடையில் கிளை, மற்ற இரண்டு இடைவெளியும் நட்பு. ஆங்கிலப் பெயர் எந்தக் கம்பியை இறக்கினாய் என்று மட்டும் சொல்கிறது. இது கம்பிகளுக்குள் உறவு என்ன ஆயிற்று என்று சொல்கிறது. விரல் எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது அந்த உறவுதானே?

பேஸ்காரன், ஜார்ஜ்டவுன்

ஐயா, இது பிரமாதம். வேலைக்கும் ஆகும். டிராப் டியில் தடித்த இரண்டு கம்பியையும் ஒரே ஃபிரெட்டில் ஒரே விரலால் அழுத்தினால் சுரமும் அதன் பஞ்சமமும் கிடைப்பது அந்தக் கிளை உறவால்தான். பதிலுக்குத் தடித்த கம்பியில் எல்லாச் சுரமும் இரண்டு ஃபிரெட் தள்ளிப் போய்விடும். மூன்றாம் ஃபிரெட்டில் இருந்த ஜி ஐந்தாம் ஃபிரெட்டில் இருக்கும். பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான். நட்பு, கிளை இரண்டையும் கட்டம் கட்டிப் போடுகிறேன்.

ஆனால் தலைப்புக்குச் சொல் இன்னும் வரவில்லை. நாளை வியாழன்.

தமிழாசிரியை, செந்தூல்

நீங்கள் வகுப்பில் டியூன் செய்யும்போது வாயால் என்ன சொல்கிறீர்கள்?

பேஸ்காரன், ஜார்ஜ்டவுன்

டிராப் டி வைக்கும்போது, தடித்த கம்பியில் 12ஆம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு மீட்டச் சொல்வேன். அந்த ஒலியையும், விரல் வைக்காமல் மீட்டிய, மெல்லிய பக்கத்திலிருந்து இரண்டாம் கம்பியையும் சேர்த்துக் கேட்கச் சொல்வேன். இரண்டும் டி. சேரவில்லை என்றால் 'வவ் வவ்' என்று அலையடிக்கும். முறுக்காணியைத் திருகத் திருக அலை மெதுவாகி நின்றுவிடும். அப்போது "ம், கூடிடுச்சு" என்பேன்.

தமிழாசிரியை, செந்தூல்

அப்புறம் என்ன? சுருதி கூட்டுதல் என்பது வீட்டு வழக்கு. சுருதியை விட்டுவிட்டுக் கூட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமானது 'இயல்கூட்டு', மற்றவை 'மாற்றுக்கூட்டு'. எல்லாக் கம்பியையும் சமமாக இறக்கினால் 'இறக்கக் கூட்டு'.

பட்டர்வொர்த் ஆம்ப் பழுதுபார்ப்பவர்

பூசணிக்காய் போட்டா, சௌசௌ போட்டா?

மொழிபெயர்ப்பாளர், பங்சார்

எனக்கும் முழுத் திருப்தி இல்லை. கூட்டு என்றால் கூட்டணி, கூட்டுறவு, கூட்டு எல்லாம் நினைவுக்கு வரும். ஆனால் கம்பிகளைப் பற்றிய பக்கத்தில் யாரும் தவறாகப் படிக்க மாட்டார்கள். சரி, என் வாக்கு கூட்டுக்கு. ஒரே நிபந்தனை: 'டிராப் டி' என்பதைத் தமிழாக்க வேண்டாம். பையன் வீட்டுக்குப் போய்க் காணொளி தேடுவது அந்தப் பெயரில்தான். வடசொல்லையே தொல்காப்பியர் 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை நீக்கி, உள்ளே விட்டிருக்கிறார், இதற்கு என்ன குறை?

நாகஸ்வர வீட்டுப்பிள்ளை, தண்ணீர்மலை

கூட்டு எனக்கும் சம்மதம். கட்டைக் கணக்கை அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.

பேஸ்காரன், ஜார்ஜ்டவுன்

கோப்பை இப்போதுதான் அச்சகத்துக்கு அனுப்பினேன். தலைப்பு 'மாற்றுக்கூட்டு'. 'டிராப் டி' அப்படியே. நட்பும் கிளையும் கட்டத்துக்குள். கட்டைக் கணக்கு அடிக்குறிப்பில். 'இறக்கக் கூட்டு' மட்டும் படிக்கும்போது வேறு எதையோ நினைவூட்டியது, 'அரைச் சுரம் இறக்கிய கூட்டு' என்று நீட்டிவிட்டேன். நேரம் ஒதுக்கிய எல்லாருக்கும் நன்றி. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்ல இடம் விட்டிருக்கிறேன்.

யாழ்ப்பித்தன்

என்னையும் சேர்ப்பதானால், 'பண்ணல்' என்று வாதாடியவர் என்று பக்கத்திலேயே போடுங்கள். கூட்டுக்கு நான் ஒப்பவில்லை.